ஏழாவது வார்டின் கதவுகள்

அமெரிக்கச் சமூகவியலின் கதையைச் சொல்லும் பாடநூல்கள் பெரும்பாலும் சிகாகோவில்தான் தொடங்குகின்றன. 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆல்பியன் ஸ்மால் சமூகவியல் துறையை ஏற்படுத்தினார், 1895இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோசியாலஜி' இதழைத் தொடங்கினார், 1905இல் சமூகவியலாளர்களுக்கென ஒரு சங்கம் அமைந்தது, லெஸ்டர் வார்ட் அதன் முதல் தலைவரானார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அப்புறம் ராபர்ட் பார்க் வருவார். நகரமே நமக்கு ஆய்வுக்கூடம் என்று சொல்லி, மாணவர்களை நூலகத்திலிருந்து கிளப்பித் தெருவுக்கு அனுப்புவார். அங்கிருந்து சிகாகோ மரபு புகழ்பெறும். இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் பார்க் சிகாகோவில் பாடம் நடத்த வந்தது 1914இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே ஃபிலடெல்பியாவில் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர், கையில் கேள்வித்தாள்களோடு, ஒரு வார்டு முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார். அவர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ். கதை அவரை விட்டுவிட்டு எப்படித் தொடங்கியது என்பதுதான் என்னைப் பல காலமாக உறுத்தும் கேள்வி.

அந்த இளைஞர் செய்தது எவ்வளவு புதுமையானது என்பதை உணர வேண்டுமானால், அன்று சமூகவியல் என்ற பெயரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். 1883இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று யேல் பேராசிரியர் வில்லியம் கிரகாம் சம்னர் எழுதியது. சமூகத்தின் வர்க்கங்கள் ஒன்றுக்கொன்று என்ன கடன்பட்டிருக்கின்றன என்று கேட்டு, அவரவர் வழியில் குறுக்கிடாமல் இருப்பதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை என்று அது பதில் சொன்னது. மற்றொன்று லெஸ்டர் வார்டின் 'டைனமிக் சோசியாலஜி'. வறுமையில் பிறந்து, அரசு வேலையில் இருந்துகொண்டே படித்து முன்னேறியவர் வார்ட். மனித அறிவால் சமூகத்தின் போக்கைத் திருப்ப முடியும், கல்வி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால் நிலைமை மாறும் என்று அவர் வாதிட்டார். எனக்கு வார்டைப் பிடிக்கும். சம்னரோடு ஒத்துப்போக முடியவில்லை. 1906இல் வந்த 'ஃபோக்வேஸ்' நூலில் வழக்காறுகள் பற்றி அவர் எழுதியவை கூர்மையானவைதான். ஆனால் வழக்காறுகளைச் சட்டம் போட்டு மாற்றிவிட முடியாது என்ற அவருடைய கருத்து, தெற்கு மாநிலங்களின் இனப்பிரிவினைக்குக் காவலாக நின்றவர்களுக்கு வாகாக அமைந்துவிட்டது.

எதிரெதிர் முகாம்களில் இருந்தாலும் இருவருக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இருவரும் சமூகத்தைப் புத்தக அலமாரியின் முன் உட்கார்ந்து சிந்தித்தவர்கள். பரிணாமம், உயிரினம், சக்திகள் என்று உயிரியலிலிருந்தும் இயற்பியலிலிருந்தும் சொற்களை எடுத்துச் சமூகத்தின் மீது பொருத்திப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட தெருவில் ஒரு குறிப்பிட்ட குடும்பம் வாடகைக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பது அவர்களுடைய கேள்வியே அல்ல.

எண்களைக் கையாண்டவர்கள் இல்லாமல் இல்லை. 1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இறப்பு விகிதங்களை அடுக்கிக் காட்டி, இந்த இனம் தன் பிறவிக் குணங்களாலேயே அழிந்துகொண்டிருக்கிறது என்று முடிவுகட்டினார். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமே அதை வெளியிட்டது. கறுப்பின மக்களுக்குக் காப்பீடு மறுப்பதற்கு அது அறிவியல் சான்றாயிற்று. மறு ஆண்டே டு பாய்ஸ் அதற்கு மதிப்புரை எழுதினார். வெள்ளையர்கள் வாழும் ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றிலும் இதே அளவு இறப்பு விகிதம் இருந்திருக்கிறதே, அவர்களும் அழிந்துபோகும் இனமா என்று கேட்டார். குடிநீரும் சாக்கடையும் கூலியும் காரணமாக இருக்கும் இடத்தில் ரத்தத்தைக் காரணம் காட்டுவது கணக்கே அல்ல என்பது அவர் சொன்னதன் சாரம்.

அந்த மதிப்புரையை எழுதும்போது அவர் ஃபிலடெல்பியா ஆய்வில் மூழ்கியிருந்தார். மாசசூசெட்ஸின் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் 1868இல் பிறந்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். பெர்லினில் பொருளாதார அறிஞர் குஸ்டாவ் ஷ்மோலரிடம் படித்து, முதலில் தகவலைத் திரட்டு, பிறகு கோட்பாட்டைப் பேசு என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். இத்தனை தகுதிகள் உள்ள ஒருவருக்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கொடுத்த பதவி 'சமூகவியல் உதவியாளர்'. வகுப்பெடுக்க மாணவர்கள் இல்லை. பல்கலைக்கழகக் கையேட்டில் அவர் பெயர்கூட அச்சாகவில்லை. நகரத்தின் சீரழிவுக்குக் கறுப்பின மக்கள் குடியிருக்கும் பகுதிதான் காரணம் என்று அங்குள்ள சீர்திருத்தக்காரர்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார்கள். அதற்கு ஓர் அறிஞரின் முத்திரைதான் தேவைப்பட்டது. இது தமக்கு அப்போதே தெரியும் என்று டு பாய்ஸ் பிற்காலத்தில் எழுதினார். தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார்.

புதிதாகக் கல்யாணமான மனைவி நைனாவோடு லம்பார்டு தெருவில் ஓர் உணவகத்தின் மாடியில் ஒற்றை அறையில் குடியேறினார். ஸ்ப்ரூஸ் தெருவிலிருந்து சௌத் தெரு வரை, ஏழாம் தெருவிலிருந்து ஸ்கூல்கில் ஆறு வரை நீளும் ஒடுங்கிய பட்டைதான் ஏழாவது வார்டு. அவர் கணக்கெடுத்தபோது அங்கே 9,675 கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். சுமார் 2,500 குடும்பங்கள். கணக்கெடுப்பாளர் படை எதுவும் அவருக்கு இல்லை. குடும்பத்துக்கு ஒன்று, தனியாளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, நிறுவனங்களுக்கு ஒன்று, பிறர் வீட்டில் தங்கி வேலை செய்பவர்களுக்கு ஒன்று என்று ஆறு வகைக் கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு தாமே போனார். வயது, பிறந்த ஊர், எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன வேலை, வாரம் எவ்வளவு, எத்தனை அறை, எத்தனை பேர், வாடகை எவ்வளவு, உள்வாடகைக்கு யாராவது இருக்கிறார்களா, கழிப்பறை எங்கே. நாள்தோறும் இதையே கேட்டார். தங்களை விசித்திரப் பிராணிகள்போல ஆராய வந்துவிட்டான் ஒருவன் என்ற எரிச்சல் அந்த மக்களுக்கு இருந்தது. அது நியாயமான எரிச்சல்தான் என்று அவருக்கும் பட்டது.

1899இல் 'தி ஃபிலடெல்பியா நீக்ரோ' வெளிவந்தது. தலைப்பிலுள்ள அந்தச் சொல் அக்காலத்து வழக்கு. இன்று யாரும் அப்படி எழுத மாட்டார்கள். அதில் வாடகை பற்றிய பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். கறுப்பினக் குடும்பங்கள் மோசமான வீடுகளுக்கு அதிக வாடகை கொடுத்தன. ஏன் மலிவான இடத்துக்குப் போகவில்லை? பெண்கள் வீட்டு வேலை பார்ப்பது அருகிலிருக்கும் பணக்கார வெள்ளையர் வீடுகளில். ஆண்கள் சமையல், பரிமாறல், எடுபிடி வேலை பார்க்கும் விடுதிகளும் அங்கேதான். தூரமாகப் போனால் பிழைப்பு போய்விடும். போகலாம் என்றாலும் வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு தர ஆள் இல்லை. வாடகை கட்டுப்படியாகாமல் உள்வாடகைக்கு ஆள் சேர்க்கிறார்கள். அதனால் நெரிசல், நெரிசலால் நோய், நோயால் சாவு. ஹாஃப்மன் ரத்தத்தில் தேடியது வாடகைச் சீட்டில் இருந்தது.

நிறப்பாகுபாடு பற்றிய பகுதியில் ஒருவரின் கதை வருகிறது. அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துத் தேறியவர். நல்ல பரிந்துரைகள் இருந்தன. விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தார், வேலை கிடைத்தது. சில மணி நேரம் வேலை பார்த்திருப்பார், கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். டு பாய்ஸ் அவரைச் சந்தித்தபோது அவர் பல்கலைக்கழக மன்றத்தில் பரிமாறுபவராக இருந்தார். உடன் படித்த வெள்ளை மாணவர்கள் அங்கே சாப்பிட வருவார்கள். இதைச் சொல்லிவிட்டு டு பாய்ஸ் ஆவேசப்படவில்லை. அடுத்த ஆளின் விவரத்துக்குப் போய்விடுகிறார். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. பத்துப் பதினைந்தைப் படித்து முடிப்பதற்குள், இவர்கள் உழைக்கத் தயாரில்லாதவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது. எண்களுக்கு நடுவே ஆட்களை நிறுத்தும் இந்த முறையை அதற்குமுன் அமெரிக்காவில் இவ்வளவு தீர்க்கமாக யாரும் கையாண்டதில்லை என்பது என் எண்ணம்.

அந்த நூலில் எனக்கு உடன்பாடில்லாத பக்கங்களும் உண்டு. மக்களை நான்கு தரமாகப் பிரித்து வரைபடத்தில் வண்ணம் தீட்டுகிறார். லண்டனின் வறுமையை வரைபடமாக்கிய சார்லஸ் பூத்தைப் பின்பற்றியது அது. கடைசித் தரத்துக்கு அவர் வைக்கும் பெயரில் ஒழுக்கக்கேடு, குற்றம் என்ற சொற்கள் வந்துவிடுகின்றன. ஏழைப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது பாதிரியாரின் தொனி ஏறுகிறது. நியூ இங்கிலாந்து சிற்றூரின் கண்டிப்பும் ஹார்வர்டின் மிடுக்கும் அந்த இடங்களில் அவரைப் பார்க்க விடாமல் செய்கின்றன. வாடகையின் கணக்கை அவ்வளவு துல்லியமாகப் பார்த்தவருக்கு, அதே வாடகை ஒரு குடும்பத்தின் ஒழுக்கத்தையும் எப்படி நெருக்கும் என்பது பாதிதான் தெரிந்தது.

இந்த வேலையில் அவருக்கு உதவியவர் ஒரே ஒரு பெண், இசபெல் ஈட்டன். ஏழாவது வார்டில் வீட்டு வேலை செய்பவர்களைப் பற்றிய தனி அறிக்கை அவர் எழுதியது. நூலின் பின்னிணைப்பாக இருக்கிறது. பாடநூல்கள் மறந்த இன்னொரு வீட்டின் கதவை இவர் வழியாகத் திறக்கலாம். சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ்தான் அது. குடியேறிய தொழிலாளர்கள் நடுவில் படித்த பெண்கள் போய் வாழ்ந்த இல்லம். அங்கிருந்தவர்கள் 1895இல் 'ஹல் ஹவுஸ் மேப்ஸ் அண்ட் பேப்பர்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் ஆயத்த ஆடை தைப்பவர்களின் வரவு செலவைப் பற்றிய கட்டுரை ஈட்டனுடையது. அங்கே வாழ்ந்த ஃபுளோரன்ஸ் கெல்லியின் மேற்பார்வையில் எடுத்த கணக்கைக் கொண்டு, ஒரு சதுர மைலில் மூன்றில் ஒரு பங்கு பரப்பை வீடு வீடாக வரைந்திருக்கிறார்கள். ஒரு வரைபடத்தில் பதினெட்டு தேசத்தவர்கள். இன்னொன்றில் குடும்பத்தின் வாரக் கூலி. ஐந்து டாலரும் அதற்குக் கீழும் என்றால் கறுப்பு வண்ணம். ஸ்மாலின் துறையிலிருந்து டிராம் ஏறிப் போகும் தூரத்தில், அத்துறையின் புகழ்பெற்ற நகர வரைபடங்களுக்கு ஏறக்குறைய முப்பதாண்டுகள் முன்பே நடந்த வேலை இது. குப்பை அள்ளப்படவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து, 1895இல் தானே அந்த வார்டின் குப்பை ஆய்வாளர் பதவியை ஏற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னால் போனவர் ஆடம்ஸ். அவரைச் சமூக சேவகி என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்கள். கோட்பாடு ஆண்களுக்கு, சேவை பெண்களுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டது அந்தத் துறை.

டு பாய்ஸ் 1897இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கறுப்பின மக்களைப் பற்றிய ஆய்வுக்கு அவர் வகுத்தது இது: பத்துத் தலைப்புகள், ஆண்டுக்கு ஒன்று. பத்தாண்டு முடிந்ததும் மறுபடி முதல் தலைப்பு. இப்படியே நூறு ஆண்டுகள். ஒரு மக்கள்கூட்டம் எப்படி மாறுகிறது என்பதை ஒரு நூற்றாண்டு உடனிருந்து பார்க்கும் திட்டம். வணிகம், கைவினைஞர், தேவாலயம், குற்றம், குடும்பம் என்று தொகுதிகள் வந்தன. கையில் இருந்த பணமோ அற்பம்.

1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளைக் கும்பல் ஒன்று சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. நிதானமான, ஆதாரங்களோடு கூடிய ஒரு கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு டு பாய்ஸ் அட்லாண்டாவின் நாளிதழ் அலுவலகத்துக்குக் கிளம்பினார். வழியில் ஒரு செய்தி கேட்டார். கொல்லப்பட்டவரின் விரல் முட்டி எலும்புகள் அதே தெருவில் சற்றுத் தள்ளி ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அவர் அலுவலகம் போகவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த மாதமே அவருடைய ஒரே மகன், இரண்டு வயதுகூட நிரம்பாத பர்கார்ட், தொண்டை அடைப்பான் நோயில் இறந்தான். மனிதர்களைக் கட்டி வைத்து எரித்துக்கொண்டிருக்கும்போது பற்றற்ற விஞ்ஞானியாக இருக்க முடியாது என்று தமக்குப் புரிந்தது அப்போதுதான் என்று பின்னர் அவர் எழுதினார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள், அன்றோடு அவர் ஆய்வை விட்டுவிட்டுப் போராட்டத்துக்கு வந்தார் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. அடுத்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக அவரும் மாணவர்களும் சேர்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட விளக்கப்படங்களைக் கையாலேயே வரைந்தார்கள். ஜார்ஜியாவின் கறுப்பினக் குடும்பங்களிடம் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களின் மதிப்பு காலப்போக்கில் எப்படி ஏறியது என்பதை ஒரு சுருளாக வரைந்திருக்கிறார்கள். சிவப்பு, பச்சை, பொன் நிறம் என்று வண்ணக் கலவைகள். அடிமைத்தனத்திலிருந்து ஒன்றுமில்லாமல் வெளியே வந்த மக்கள் ஒரு தலைமுறைக்குள் என்ன சேர்த்தார்கள் என்பதை, நாற்காலியும் அலமாரியும் வரைக்கும் எண்ணிக் காட்டினார்கள். கப்பலில் கடைசி வகுப்பில் பயணம் செய்து டு பாய்ஸ் அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். அந்தப் பணிக்காக அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

1906இல் அலபாமாவின் லௌண்டஸ் கவுண்டியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கிய ஓர் ஆய்வை அமெரிக்க அரசின் தொழிலாளர் துறை அலுவலகத்துக்காக நடத்தினார். நிலம் யாரிடம், கடன் யாருக்கு, உழைப்பு யாருடையது என்ற விவரம் முழுக்க அதில் இருந்தது. அரசு அதை வெளியிடவில்லை, பிரதியையும் அழித்துவிட்டது. தன் வாழ்நாளின் சிறந்த வேலைகளில் ஒன்று என்று அவர் கருதியது அது. இழப்பு அவருக்கு மட்டும் அல்ல. பருத்திக் காட்டுக் குத்தகைதாரர்களின் வாழ்க்கையை அவ்வளவு அருகிலிருந்து எழுதிய ஆவணம் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

கோட்பாட்டிலும் அவர் யாருக்கும் பின்தங்கியவர் அல்ல. மிச்சிகனில் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902இல் ஒரு கருத்தைச் சொன்னார்: மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்வதிலிருந்தே நம் 'நான்' உருவாகிறது, பிறர்தான் நமக்குக் கண்ணாடி. தன் சொந்தக் குழந்தைகள் வளர்வதை வீட்டில் கவனித்துக் குறிப்பெடுத்தவர் கூலி. அழகான கருத்து. ஆனால் அந்தக் கண்ணாடி நம்மை இழிவாகவே காட்டினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. 1897இலேயே ஒரு கட்டுரையிலும், பிறகு 1903இல் 'தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்' நூலிலும் டு பாய்ஸ் அதைத்தான் கேட்டார். தன்னை இளக்காரமாகப் பார்க்கும் உலகத்தின் கண்களால் தன்னையே எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தவனின் இரட்டை உணர்வு அது. ஒருவன் அமெரிக்கனாகவும் கறுப்பினத்தவனாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறான். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. கூலியின் கருத்து எல்லாப் பாடநூலிலும் ஏறியது. டு பாய்ஸின் கருத்து வெகுகாலம் இலக்கியம் என்ற கணக்கில் எழுதப்பட்டது.

ஏன் இப்படி நடந்தது? ஸ்மாலின் இதழ் 'தி ஃபிலடெல்பியா நீக்ரோ'வுக்கு மதிப்புரைகூட வெளியிடவில்லை. பார்க்கோ டஸ்கீகியில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனிடம் ஏழாண்டு காலம் வேலை பார்த்துவிட்டுச் சிகாகோவுக்கு வந்தவர். டு பாய்ஸின் எழுத்தை அறியாதவர் அல்ல. இனங்கள் சந்திக்கும், போட்டியிடும், இணங்கிப்போகும், கடைசியில் கலந்துவிடும் என்ற அவருடைய சுழற்சிக் கோட்பாட்டில் எரித்துக் கொல்லும் கும்பலுக்குப் பொறுப்பு எதுவும் விழவில்லை. பல்கலைக்கழகங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அது சௌகரியமாக இருந்தது. டு பாய்ஸை ஒதுக்கியது தற்செயல் மறதி அல்ல, பணமும் பதவியும் சேர்ந்து செய்த வேலை என்று சமூகவியலாளர் ஆல்டன் மாரிஸ் 2015இல் 'தி ஸ்காலர் டினைட்' நூலில் ஆவணங்களோடு நிறுவியிருக்கிறார். அவரோடு நான் உடன்படுகிறேன்.

நமக்கும் இந்தக் கதையில் ஓர் இழை உண்டு. 1913இலிருந்து 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் பொருளாதாரத்தோடு சமூகவியல் பாடங்களையும் படித்தார். இந்தியாவில் சாதிகள் எப்படி உருவாயின என்ற கட்டுரையை 1916 மே மாதம் அங்கேதான் வாசித்தார். முப்பதாண்டுகள் கழித்து, 1946இல், அவர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் பிரச்சினையைத் தாம் தொடர்ந்து படித்துவருவதாகவும், தீண்டத்தகாதோரின் நிலைக்கும் அதற்கும் மிகுந்த ஒற்றுமை இருப்பதாகவும் சொல்லி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின அமைப்பு ஒன்று அனுப்பிய மனுவின் பிரதிகள் கிடைக்குமா என்று கேட்டார். அந்த ஆண்டு ஜூலை 31ஆம் தேதி டு பாய்ஸ் பதில் எழுதினார். அம்பேத்கரின் பெயர் தமக்கு முன்பே தெரியும் என்றும், தீண்டத்தகாதோர் மீது தமக்குப் பரிவு உண்டு என்றும் சொன்னார். தம் மக்களைத் தாமே எண்ணி, தாமே விளக்கி, அந்த விளக்கத்தை அதிகாரத்தின் முன் வைக்க வேண்டிய நிலையில் இருந்த இரண்டு அறிஞர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

டு பாய்ஸ் 1963 ஆகஸ்ட் 27 அன்று கானாவின் அக்ரா நகரில் தம் 95ஆவது வயதில் காலமானார். கையேட்டில் அவர் பெயரைச் சேர்க்காத பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 2012இல் அவரை மதிப்புறு ஓய்வுநிலைப் பேராசிரியராக அறிவித்தது. அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் உயரிய விருது ஒன்று இன்று அவர் பெயரால் வழங்கப்படுகிறது. இவை நல்ல காரியங்கள்தான். ஆனால் சிலையும் விருதும் வாசிப்புக்கு ஈடாகாது. நம் கல்லூரிகளில் சமூகவியல் நடத்தும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: முதல் வாரத்தில் வரையறைகளை எழுதிப்போடுவதற்கு முன்னால், ஃபிலடெல்பியா நூலிலிருந்து வாடகை பற்றிய பகுதியையும் நிறப்பாகுபாடு பற்றிய பகுதியையும் மாணவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். காப்புரிமைக் காலம் முடிந்த நூல் அது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாசித்து முடித்த பிறகு, கல்லூரி வாசலிலிருந்து தொடங்கும் தெருவுக்கு என்று ஒரு கேள்வித்தாளைத் தயாரிக்க மாணவர்களிடம் சொல்லுங்கள்.